தூக்காமல் ஏற்றியவர்

அவருடைய பேரை இங்கே எழுதப் போவதில்லை. சொல்லக் கூடாத இடத்தில் ஒரு தரம் அந்தப் பேரைச் சொல்லி, அதனால் வந்த வினையே போதும். அண்ணை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். நான் அவரைக் கூப்பிட்டதும் அப்படித்தான்.

முதன்முதலில் நான் பார்த்தபோது அவர் நாலு காலில் நின்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. சுவிஸில், லாங்கன்தால் ஊருக்கு வெளியே, வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய முற்றம் இருக்கிறது. அங்கே வோன்மொபீல் வாடகைக்குக் கொடுப்பார்கள். கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளுக்கே வைத்துக் கட்டின வாகனத்துக்கு இங்கே அதுதான் பேர். கிழமை நாட்களில் எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமைகளில் இந்த வாகனங்களைக் கழுவித் துடைக்கிற வேலையையும் எடுத்திருந்தேன். முதல் நாள் வாளியும் கையுமாகப் போய் நிற்கிறேன், நரைத்த தலையும் நீலக் காற்சட்டையுமாக ஒரு தமிழ் மனிதர், சாய்த்து வைத்த பலகையில் முழங்காலும் உள்ளங்கையும் ஊன்றி வாகனத்துக்குள் தவழ்ந்து ஏறுகிறார். உள்ளே போய் மேசையைச் சுற்றித் திரும்பி, தலை முதலில் தெரிய மெல்ல மெல்லத் தவழ்ந்து இறங்குகிறார். காலமை எட்டு மணிக்கே மனிதர் தண்ணி போட்டுவிட்டாரோ என்றுதான் நினைத்தேன்.

எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். வணக்கம் இல்லை, நீ ஆர் என்ற கேள்வி இல்லை.

"இறங்கிறதுதான் கஷ்டம்," என்றார். "ஏறக்குள்ள பின்னங்கால் தள்ளும். இறங்கக்குள்ள முழுப் பாரமும் முன்னங்கால்ல வந்து நிக்கும். தோள் நோகும் அதுக்கு."

எதுக்கு என்று கேட்டேன். நாய்க்கு என்றார்.

இந்த நாட்டில் நாயை வீட்டில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறவர்கள் குறைவு. அதுவும் வயதான ஆட்கள் வளர்ப்பது பெரிய பெரிய நாய்கள். எங்கள் பக்கத்துப் பேர்ணர் நாய் ஒன்றே நாற்பத்தைந்து ஐம்பது கிலோ வரும். குட்டியாய் இருந்தபோது வாகனத்துக்குள் பாய்ந்து ஏறியது, பத்து வயதானதும் கதவடியில் நின்று படியைப் பார்க்கும், ஆளைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். வோன்மொபீலின் படி வேறு நல்ல உயரம், ஒடுக்கம், போதாததற்கு ஓட்டை ஓட்டையாய்த் தகரம். ஓட்டைக்குள்ளால் நிலம் தெரிந்தால் கிழட்டு நாய் கால் வைக்காது. இது எல்லாம் எனக்கு அண்ணை சொல்லித்தான் தெரியும். நான் நாயைக் கண்டால் றோட்டின் மற்றப் பக்கத்துக்கு மாறுகிறவள்.

அவருடைய வேலை உண்மையில் பிரேக், காஸ் குழாய், தண்ணீர்த் தாங்கி பார்ப்பது. ஆனால் கிழட்டு நாயோடு வருகிறவர்கள் எங்கள் முதலாளி ஷெஃப்பிடம் போய், அந்த இலங்கைக்காரர் இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள். அவர் வந்து முதலில் நாயைப் பார்க்க மாட்டார். நிலத்தைப் பார்ப்பார். முற்றத்தின் ஒரு மூலையில் நிலம் கொஞ்சம் மேடேறும். வாகனத்தைக் கொண்டுபோய், கதவு அந்த மேட்டுப் பக்கம் வருகிற மாதிரி நிறுத்துவார். அதிலேயே அரை அடி உயரம் குறைந்துவிடும். பிறகு தான் செய்து வைத்த அகலமான மரப்பெட்டி ஒன்றைப் படிக்கு முன்னால் போடுவார். தகரப் படியில் பழைய கார்பெட் துண்டை இறுக்கிக் கட்டுவார். உள்ளே வழுக்குகிற தரைக்கும் ஒரு துண்டு. எல்லாம் முடிந்ததும் தான் ஒரு தரம் நாலு காலில் ஏறி இறங்குவார். எங்கே உள்ளங்கை வழுக்குகிறதோ அங்கே இன்னொரு ஆணி.

நாய் ஏறுகிறபோதுதான் பார்க்கவேண்டும். அவர் நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வானத்தைப் பார்ப்பார், பின்னேரம் மழை வரும்போல இருக்கிறது என்று சொந்தக்காரருடன் கதைப்பார். ஒரு கை மட்டும் பின்னால், நாயின் இடுப்புக்குக் கீழே, தொட்டும் தொடாமலும் இருக்கும். நாய் தடுமாறுகிற அந்த ஒரு கணத்தில் கை கொஞ்சம் உயரும். அவ்வளவுதான். நாய் மேலே போய் நின்று, தானே ஏறிய பெருமையில் ஒரு தரம் குரைக்கும்.

"பாக்கப்படாது தங்கச்சி," என்பார். "வயசான நாய்க்கு வெக்கம் கூட."

எனக்குச் சிரிப்பு வரும். நாய்க்கு வெட்கமாம். எங்கள் கோயிலில் ஒருவருக்கும் அவரைச் சரியாகத் தெரியாது, தெரிந்த இரண்டொருவர் நாய் அண்ணை என்பார்கள். நானும் வீட்டில் மகனோடு போனில் கதைக்கிறபோது அப்படித்தான் சொன்னேன். மறைப்பானேன்.

நான் அந்த முற்றத்துக்கு வந்து மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ, பெரிய கெட்டித்தனம் ஒன்று செய்தேன். ஒரு கிழவனும் கிழவியும் அலுவலகத்துக்குள் கையெழுத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய நாய் கதவடியில் யோசித்துக்கொண்டு நின்றது. அண்ணை எங்கேயோ ஆணி எடுக்கப் போயிருந்தார். எனக்கு அடுத்த வாகனம் காத்திருக்கிறது. ஆட்களைத் தூக்குவதுதான் என் தொழில். முழங்காலை மடக்கு, பாரத்தை நெஞ்சோடு அணை, ஒன்று இரண்டு மூன்று. தொண்ணூறு கிலோ மனிதர்களைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுகிற எனக்கு இந்த நாய் என்ன பெரிய காரியம்? பின்பக்கத்தில் கையைக் கொடுத்து ஒரே தூக்கு. நாய் உள்ளே.

அண்ணை ஆணியோடு வந்து பார்த்தார், ஆணியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்து அந்த நாயை இறக்கப் பார்த்தார்கள். வரவில்லை. கூப்பிட்டார்கள், இறைச்சி காட்டினார்கள், கிழவி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். நாய் மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டு படுத்துவிட்டது. அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பக்கத்தில் தரையில் தானும் நீட்டி நிமிர்ந்து படுத்தார். மத்தியானம் தாண்டியும் படுத்தே கிடந்தார். இரண்டு மணிபோல இருவரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். அவருடைய சட்டை முழுக்க நாய்மயிர்.

"தூக்கினா மறுகா அது தன்ட காலை நம்பாது," என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. மறுகா என்பது அவருடைய மட்டக்களப்புச் சொல். பிறகு என்று நாங்கள் சொல்லுகிற இடமெல்லாம் அவருக்கு மறுகாதான். இந்த வித்தையெல்லாம் எங்கே பழகினீங்கள், உங்களிடம் ஒரு நாய்கூட இல்லையே என்று கேட்டால் மறுகா சொல்றன் என்பார். எனக்குத் தெரிந்த ஐந்து வருடத்தில் அந்த மறுகா வரவில்லை.

பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. நான் சுடுதண்ணிப்போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவேன், அவர் இரண்டு கோப்பையைக் கழுவி வைத்திருப்பார். மரப்பெட்டியில் இருந்து குடிப்போம். பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டோம். என் மனிசன் போய் ஒன்பது வருடம், மகன் சூரிச்சில், ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க யாரோடாவது கதைக்கிறேன்தான், ஆனால் அது வேலைக் கதை. தமிழில், அவசரமில்லாமல், கிழமைக்கு ஒரு தரம் நான் கதைத்த மனிதர் அவர் ஒருவர்தான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. பாவம் தனிக்கட்டை, நான் தேத்தண்ணி கொண்டுபோய்த் துணையாக இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

துணை இருந்தது ஆர் என்று கேளுங்கள். குளிர்காலத்தில் சனிக்கிழமை முதல் பஸ் வந்து நிற்கிறபோது இருட்டு விலகியிருக்காது. பஸ் தரிப்பிலிருந்து முற்றத்துக்கு இருபது நிமிட நடை, ஒரு பக்கம் காடு. முதல் தரம் போனபோது பயத்தில் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டு ஓடினேன். அடுத்த கிழமை பஸ்ஸால் இறங்கினால், தரிப்புக்குப் பக்கத்துப் பெற்றோல் கடையிலிருந்து அண்ணை ஒரு பாணை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வருகிறார். காலமைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க வந்தாராம். நல்லதாய்ப் போயிற்று என்று சேர்ந்து நடந்தேன். அதற்கடுத்த கிழமையும் பாண். இப்படி இரண்டு குளிர்காலம். முதல் நாளே வாங்கி வைக்கக் கூடாதா, இந்தக் குளிரில் இழுபட வேண்டுமா, ஆம்பிளைகளுக்கு வீட்டுக் கணக்குத் தெரியாது என்று நான் வழி நெடுக அவருக்குப் புத்தி சொல்லிக்கொண்டு நடப்பேன். ஓம் தங்கச்சி, ஓம் தங்கச்சி என்று தலையாட்டுவார்.

மனிதர் சீனி வருத்தக்காரர். பாண் தொடமாட்டார். அது எனக்குத் தெரியும், தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் ஊற்றிக் கொடுப்பதே நான்தான். இருந்தும் என் மண்டையில் ஏறவில்லையே.

இன்னொருத்தி இருந்தா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, சுவிஸ்காரி, ஷாஃப்ஹவுசன் பக்கம். வசந்த காலம் வந்தால் தன்னுடைய பெரிய மஞ்சள் நாயோடு வந்து ஒரு வோன்மொபீலை எடுத்துக்கொண்டு தெற்கே ஏரிப் பக்கம் போய்விடுவா. இரண்டு வருடம் அண்ணை அந்த நாயை ஏற்றி அனுப்பினார். மூன்றாம் வருடம் அந்த மனுசி தனியே வந்தா. நாய் மாசி மாதமே போய்விட்டதாம். தனக்கும் முழங்கால் சரியில்லை, ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை என்றா. அண்ணை வாகனத்தை மேட்டுப் பக்கமாகவே நிறுத்தினார். மரப்பெட்டி, கார்பெட் துண்டு எல்லாம் அப்படியே இருந்தன. கைபிடிக்க ஒரு கம்பியும் புதிதாக முளைத்திருந்தது. அவ அதில் ஏறி உள்ளே போனா. பிறகு ஷெஃப் வந்து நாய்தான் இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, கழற்ற மறந்துபோனேன் என்றார். மறதிக்காரன் என்று ஷெஃப் சிரித்துக்கொண்டு போனார். பெட்டியும் மனுசியோடு ஏரிக்குப் போய் வந்தது.

அவருக்கு ஒரு மகள். லோசானில் இருக்கிறா, அங்கே ஆஸ்பத்திரியில் நல்ல வேலை. மனைவி எப்போதோ பிரிந்து போய், பிள்ளை தாயோடு பிரெஞ்சுப் பக்கத்தில் வளர்ந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டு ரயில் ஏறிப் போய், பின்னேரமே திரும்பிவிடுவார். தங்கி வரலாமே என்றால் முற்றத்தில் வேலை கிடக்கு என்பார். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நெடுநாளாகக் கேட்கிறா என்று ஒரு நாள் தானாகவே சொன்னார். போகலாமே அண்ணை, இதைவிட வேறு என்ன வேண்டும் என்றேன். அவர் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். அவர் இருந்தது முற்றத்துக் களஞ்சியத்தின் மேலே ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சன்னலைத் திறந்தால் வரிசையாக வெள்ளை வாகனங்கள். எனக்கு அது வீடாகவே தெரியவில்லை.

போன வருடத்துக்கு முதல் வருடம் தை மாதம், முற்றத்தில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்த காலமை, அண்ணை மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. நான் போனபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் வேலை முடிந்து நேரே போனேன். சின்னதாகப் போயிருந்தார். என்னைக் கண்டதும் முதல் சொன்னது இதுதான்.

"ஒருத்தருக்கும் சொல்லாத தங்கச்சி. ஆறு கிழமை. மறுகா எழும்பி முற்றத்துக்கு வந்திருவன். ஷெஃப் அறையை வச்சிருப்பார்."

மகளுக்காவது சொல்லவேண்டாமா என்று கேட்டேன்.

"அவளுக்குத்தான் முக்கியமாச் சொல்லப்படாது. வந்து தூக்கிக்கொண்டு போயிருவாள்." போர்வைக்கு மேலால் காலைத் தடவினார். "சண்டைக் காலத்தில காலில காயம்பட்டு, நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு பதினொரு நாள் திரிஞ்சாங்க. எனக்காக அவங்க பட்டதைக் கண்ணால பாத்தன். ஒருத்தன் இடையில போயிட்டான். அது போதும் எனக்கு. நீ சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். அவருடைய கையில் அடித்துத்தான் பண்ணினேன்.

ஆறு கிழமையில் முதல் கிழமை நன்றாகத்தான் போனது. நான் ஒருத்தி மட்டும் ஒன்றைவிட்டொரு நாள் போய்ப் பார்த்தேன். தாதியைக் கூப்பிடாமல் கட்டில் ஓரத்தைப் பிடித்துத் தானே எழும்பப் பழகினார். அரை மணி நேரம் எடுக்கும். நான் சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பேன், அவரைப் பார்க்கக் கூடாதே. ஒரு நாள் நின்றுவிட்டார். நின்றுகொண்டு, வெளியில பனி விட்டிட்டுதோ என்று கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அங்கேதான் நான் மண்ணள்ளிப் போட்டது. அவருக்காக ஒரு அர்ச்சனை செய்வோம் என்று ஆசைப்பட்டேன். அதில் என்ன பிழை? எங்கள் ஆட்களில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் நாங்கள் செய்கிற முதல் வேலை அதுதானே. தட்டை நீட்டினேன். ஐயர் பேர் கேட்டார். சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். ஆருக்கு, உறவோ என்றார். உறவில்லை ஐயா, தெரிந்த அண்ணை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பார்க்க ஆட்களில்லை என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் தட்டோடு நின்றவ எங்கள் மகளிர் குழுவுக்கு எல்லாமாக இருக்கிற அக்கா. நல்ல மனுசி. அதுதான் ஆபத்து.

சப்பாத்துப் போடுகிற இடத்தில் என்னைப் பிடித்துவிட்டா. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். உண்மையைச் சொல்லுகிறேன், அவ கேட்கக் கேட்க எனக்கும் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஒருவருக்கும் தெரியாத மனிதரை எனக்கு மட்டும் தெரியும் என்ற எண்ணம். எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாம் மாடி, எத்தனையாம் அறை, எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, அண்ணைக்கு விருப்பமில்லை, ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள் அக்கா என்றும் சேர்த்துக்கொண்டேன். நான் ஏன் சொல்லப்போறன் என்றா அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது அந்த அறையில் பதினான்கு பேர். தோடம்பழம், ஹோர்லிக்ஸ், இடியப்பம், சொதி, ஒருவர் விபூதி, ஒருவர் தேவாரப் புத்தகம். தாதி வந்து இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்தாள். நடுவில் அண்ணை. ஆஸ்பத்திரிச் சட்டையில், முதுகு தெரிய, தலையணையிலிருந்து வழுகி வழுகிக் கீழே வந்துகொண்டிருந்தார். எல்லாருக்கும் தலையாட்டினார். என்னைக் கண்டார். கண்ணை எடுக்கவில்லை.

ஐயோ பாவம், வழுகுகிறார், ஆராவது பிடியுங்கோ என்று அக்கா சத்தம் போட்டா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதுதானே இவளுடைய வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாகவே எண்ணி, ஒரே தூக்கில் தூக்கி இருத்தினேன். எவ்வளவு லேசாய்த் தூக்குகிறா பாருங்கோ என்று ஆரோ சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் பெருமையாகத்தான் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா படம் எடுத்துவிட்டா. பின்னேரமே அது மகளிர் குழுவின் வாட்சப்பில் வந்தது. நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், என் கைக்குள் அவர், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, சட்டை விலகி. கீழே எழுதியிருந்தது: ஆருமில்லாத அண்ணைக்கு உறவாய் நாங்கள் இருக்கிறோம். கைகூப்பிய படம் ஐம்பது அறுபது. அந்தப் படம் லாங்கன்தாலில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு முதல் லோசானுக்குப் போய்ச் சேர்ந்தது. மகளுடைய சிநேகிதி ஒருத்தியின் தாய் எங்கள் குழுவில் இருந்தாவாம்.

மகள் திங்கட்கிழமை காலமையே வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், கண் வீங்கியிருந்தது. என்னோடு சண்டை பிடிப்பாள் என்று பயந்தேன். பிடிக்கவில்லை. தன் போனை நீட்டினாள்.

"அன்ரி, ஆருமில்லை எண்டு போட்டிருக்கினம்," என்றாள். "நான் இருக்கிறன்தானே?"

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் டாக்டரோடு கதைத்தாள், ஷெஃப்போடு கதைத்தாள், எல்லாம் ஒழுங்காக, மரியாதையாக. அறையைக் காலி பண்ணினார்கள். இரண்டு பெட்டிதான் வந்தது. பிறகு நடக்கப் பயிற்சி கொடுக்கிற இடத்தையும் லோசானிலேயே பார்த்து அவரை அங்கே மாற்றினாள். அண்ணை ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லையாம். அவள் அப்படித்தான் சொன்னாள், அப்பா ஒண்டும் சொல்லேல்லை அன்ரி, உடன ஓம் எண்டவர். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. எனக்கு இல்லை.

வைகாசியில் லோசானுக்குப் போனேன். ரயிலில் மடியில் பொதி, அவருக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு, மூடி இறுக்கியும் பெட்டியெல்லாம் மணக்கிறது. போகிற வழி முழுக்க எப்படி மன்னிப்புக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மெட்ரோவில் ஏறி, மேட்டில் இறங்கி, வீட்டைக் கண்டுபிடித்தேன். நல்ல வீடு. சுவர் முழுக்கக் கைபிடி பூட்டியிருந்தாள். குளிக்கிற இடத்தில் கதிரை, கட்டிலுக்குப் பக்கத்தில் மணி, சன்னலடியில் பெரிய சாய்கதிரை. எங்கள் முதியோர் இல்லத்தில்கூட இவ்வளவு வசதி இல்லை. அந்தச் சாய்கதிரையில் அவர் இருந்தார். நிறம் வந்திருந்தது, முகம் மழித்திருந்தது. சன்னலுக்கு வெளியே வேறு வீடுகளின் சன்னல்கள்.

"வாங்க," என்றார். "இருங்க."

எனக்குப் பின்னால் வேறு ஆரும் வருகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பயணம் எப்படி, ரயில் நேரத்துக்கு வந்ததா என்று கேட்டார். கோயில் ஆட்கள் எல்லாரும் சுகமா என்று கேட்டார். நான் முற்றத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு பேர் கிழட்டு நாயோடு வந்து அவரைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்றேன். அப்படியா என்றார். எந்த நாய், என்ன வயது, காலா இடுப்பா என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

மகள் உள்ளே போனதும் நான் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனேன்.

"அண்ணை, நான்தான் சொன்னனான். சத்தியம் பண்ணிப்போட்டுச் சொன்னனான். என்னை ஏசுங்கோ."

"என்னத்துக்கு?" என்றார். "நீங்க எல்லாரும் பெரிய உதவி செய்தீங்க. வந்து பாத்தாங்க, சாப்பாடு கொண்டு வந்தாங்க. எல்லாருக்கும் என்ட நன்றியைச் சொல்லுங்க."

குத்திக்காட்டச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கூட்டத்தில் நன்றியுரை சொல்லுகிற ஆளைப்போலச் சொன்னார். ஐந்து வருடம் என்னை நீ என்று கூப்பிட்ட மனிதர். தங்கச்சி என்ற சொல் அன்றைக்கு அவருடைய வாயில் ஒரு தரமும் வரவில்லை. வருமா வருமா என்று ஒன்றரை மணி நேரம் காத்துக்கொண்டு இருந்தேன்.

நான் எழும்பினபோது வழியனுப்ப அவரும் எழும்பப் பார்த்தார். கதிரையின் கையைப் பிடித்து ஒரு சாண்கூட எழும்பவில்லை, மகள் குசினியிலிருந்து ஓடி வந்தாள். அப்பா அப்பா பொறுங்கோ என்று சொல்லிக்கொண்டே அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். நல்லாத்தான் தூக்கினாள், பிடியில் ஒரு பிழை இல்லை. அவர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். போயிட்டு வாங்க என்றார் என்னைப் பார்த்து.

லோசானுக்கு ரயில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. மகள் இப்பவும் இடைக்கிடை செய்தி போடுவாள், அப்பா நல்லா இருக்கிறார், வாங்கோ அன்ரி என்று. அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அடுத்த கிழமையே திரும்பவும் போயிருப்பேன். காலில் விழுந்திருப்பேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.